பெட்டி விழிக்கும் நேரம்

கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். நான் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எங்கள் கம்பெனியின் நாற்பது பேரும் சாட்சி சொல்வார்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில், வண்டி பிரேக்குக்குள் போகும் ஒரு சின்ன இரும்புப் பின்னைக் கடைந்து கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. நான் மைக்கேல்ராஜ், குவாலிட்டி பிரிவுக்குப் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் செய்த பெரிய தப்பையும், அதிலிருந்து என்னைக் கைதூக்கிவிட்ட இரண்டு பேரையும் பற்றி எழுதிவைக்கத் தோன்றியது. அதில் ஒருவரை நான் பார்த்ததே இல்லை. இன்னொருவரை ஆறு வருஷமாகத் தினமும் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் டிபன் பாக்ஸ் அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. பின்னைக் கேஜ் என்ற அளக்கும் கருவியில் வைத்தால், அதன் விட்டத்தை இந்தப் பெட்டி வாங்கி யு.எஸ்.பி. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மனுஷன் கையால் ஒரு எண்ணைக்கூடத் தட்டக் கூடாது என்பது எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியின் கண்டிப்பு. கையால் தட்டிய அளவு சரியாகவே இருந்தாலும் அவர்களுக்கு அது பொய்தான். ஆகவே பெட்டி ஓடவில்லை என்றால் சரக்கு எத்தனை நன்றாக இருந்தாலும் லாரி ஏறாது. பெட்டியைச் செய்தது பெங்களூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. அந்தக் கம்பெனியை இழுத்து மூடி ஐந்து வருஷம் ஆகிறது.

போன வருஷம் ஆயுத பூஜைக்குச் செவ்வாய்க்கிழமை மாலையே மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தோம். நான் கிறிஸ்தவன், பூஜையில் தள்ளி நிற்பேன், பொரியிலும் சுண்டலிலும் முன்னால் நிற்பேன். பொட்டு வைப்பது எப்போதும் மாதேஸ்வரிதான். பேரிகையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஹவுஸ்கீப்பிங் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர். கான்ட்ராக்டர் வருஷா வருஷம் ஏப்ரலில் மாறுவார், மாதேஸ்வரியின் பெயரைப் பழைய பட்டியலில் அடித்துவிட்டுப் புதிய பட்டியலில் எழுதுவார்கள். சில வருஷம் எழுத மறந்து ஒரு வாரச் சம்பளம் விட்டுப்போனதும் உண்டு. வீட்டுக்காரருக்கு மானாவாரியாக ஒன்றரை ஏக்கர். தக்காளி கைகொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் மாதேஸ்வரியின் சம்பளம்தான் அந்த வீட்டுக்கு.

புதனும் வியாழனும் லீவு. திங்கட்கிழமை பெரிய கம்பெனியின் ஆடிட்டர் தரம் பார்க்க வருகிறார் என்று தகவல். தேறாவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழக்கமாக ஏழு மணிக்கு வருகிறவன் வெள்ளிக்கிழமை ஆறுக்கே வந்து, மெயின் சுவிட்சைப் போட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பினேன். பெட்டி வரவில்லை. ‘இந்தச் சாதனம் அடையாளம் தெரியவில்லை’ என்று திரையில் ஓர் அறிவிப்பு. கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். அதே அறிவிப்பு. பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். அதே. பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கேபிள் சொருகும் வாயைச் சுற்றிச் சந்தனம் வழிந்து காய்ந்து மஞ்சளாக அப்பியிருந்தது.

மாதேஸ்வரி ஆறரைக்குத் துடைக்கும் துணியோடு உள்ளே வந்தார். நான் பெட்டியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இதுல சந்தனம் வெச்சது யாரு?”

“நான்தான் சார்.”

“கரன்ட்டு போற எடத்துல சந்தனத்த ஊத்துவியா? அறிவு இருக்கா உனக்கு? நாப்பது பேரு பொழப்புல மண்ணப் போட்டுட்டியே.”

அவர் துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலவும் இருந்தது. நான் நிறுத்தவில்லை. ஆறு வருஷமாக ‘நீங்க’ என்று சொன்ன வாய் அன்று ‘நீ’ என்றது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை, பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முதலாளி வெங்கடப்பன் நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், சரக்கு கொடுப்பவர்களிடம் கன்னடம் பேசுவார். பதற்றம் வந்தால் மூன்றையும் ஒன்றாகக் கலந்து அடிப்பார். அன்று மூன்றும் வந்தது. நான் சொன்னதை அப்படியே நம்பிக் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். “அந்த அம்மாவ வேற எங்கியாச்சும் போடுப்பா, இங்க வேணாம்.” கான்ட்ராக்டரிடம் அப்போது வேறு இடம் இல்லை. மாதேஸ்வரி டிபன் பையை எடுத்துக்கொண்டு எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நான் பெட்டியின் கேபிள் வாயை ஸ்பிரிட் தொட்டுப் பல் பிரஷால் தேய்த்தேன். புதுக் கேபிள் வாங்கிவரச் சொன்னேன். சந்தனம் துளி இல்லை, பெட்டியும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அப்படியே போயிற்று.

சனிக்கிழமை காலை பென்சனைக் கூப்பிட்டேன். பாகலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். எங்கள் பங்குக் கோயில்காரன், அதனால் சனிக்கிழமை என்றும் பார்க்காமல் வந்தான். காலையிலிருந்தே தூறல், ஸ்வெட்டர் போட்டிருந்தான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதை என் லேப்டாப்புல ஒருக்கா போட்டுப் பாக்கறேன். அதுல விண்டோஸ் இல்ல, லினக்ஸ். உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதுன சிஸ்டம்” என்றான்.

பெட்டியைக் கழற்றி அவன் மேஜைக்கு மாற்றினோம். முதல் தடவை வரவில்லை. “இருங்கண்ணா” என்று எல்லாவற்றையும் கழற்றி, சாவகாசமாக ஒவ்வொன்றாக மறுபடி சொருகினான். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பெட்டி வந்தது. ஒரு பின்னை வைத்தேன், திரையில் விட்டம் விழுந்தது. 

“அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்குதா?”

“நல்லா இல்லண்ணா. பொறக்கும்போதே கோளாறு. ஆனா உயிரோட இருக்குது.”

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். யு.எஸ்.பி. என்பது வெறும் ஓட்டை இல்லை, அதற்கென்று எழுதிவைத்த சட்டம் ஒன்று உண்டு. எதையாவது சொருகினால் கம்ப்யூட்டர் உடனே விசாரிக்கும்: நீ யார், என்ன வேலை செய்வாய், எவ்வளவு கரன்ட் வேண்டும். கண் இமைப்பதற்குள் பதில் வர வேண்டும் என்பது சட்டம். ஆனால் சட்டத்தை ஒழுங்காகப் படிக்காமல் சாதனம் செய்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். எங்கள் பெட்டி கரன்ட் வந்ததும் எழுந்து முகம் கழுவிப் பேசவே பல நொடி எடுக்கும். அதற்கு முன் கேள்வி கேட்டால் முறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

“சட்டத்த மீறுனதத் தூக்கிப் போட வேண்டியதுதானே?”

“போடலாம். ஆனா வாங்குன ஆளு என்னண்ணா தப்பு பண்ணுனான்? அதுக்காவ இதுங்களுக்குன்னே லினக்ஸ்ல ஒரு லிஸ்ட்டு வெச்சிருக்காங்க. எந்தச் சாதனம் எங்க சொதப்பும், அதுகிட்ட எப்பிடி நடந்துக்கணும்னு.” அவன் தேடி எடுத்துக் காட்டினான். நூற்றுக்கணக்கான வரிகள். ஒன்று பெயர் கேட்டால் செத்துப்போகுமாம், அதனிடம் பெயர் கேட்காதே. ஒன்று தூங்கினால் எழாதாம், அதைத் தூங்க விடாதே. எங்கள் பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் எண்ணும் அதில் இருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: ‘இது மெதுவாக விழிக்கும். ஐந்து நொடி பொறுத்துவிட்டுக் கேள்.’ கீழே ஒரு பெயர். எந்த நாட்டுக்காரர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து, இதே சிப்போடு மல்லுக்கட்டி, காரணத்தைக் கண்டுபிடித்து, தன் வேலை முடிந்ததும் எழுந்து போகாமல், பின்னால் வருகிறவனுக்கும் ஆகட்டும் என்று அந்த ஒரு வரியை எழுதிவைத்திருக்கிறார். எங்கள் கம்பெனி இருப்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அந்த நன்றி அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. “அப்போ சந்தனம்?” என்று கேட்டேன்.

“சந்தனத்து மேல ஒரு குத்தமும் இல்லண்ணா.”

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் அந்தப் பெண்மணியின் கை முறுக்கிய துணி கண் முன்னால் வந்தது.

ஆனால் சிக்கல் தீரவில்லை. எங்கள் அளவுப் பதிவு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அதில் அந்த வரி இல்லை. “நாமளே அஞ்சு செகண்டு பொறுத்துச் சொருகுவோம்” என்றான் பென்சன். வாட்ச்சைப் பார்த்து ஐந்து எண்ணிச் சொருகினோம். வரவில்லை. மறுபடி. வரவில்லை. மதியம் வரைக்கும் மல்லுக்கட்டினோம். ஒரே ஒரு தடவை வந்தது, ஏன் வந்தது என்று தெரியவில்லை. ஆடிட்டர் முன்னால் அதிர்ஷ்டத்தை நம்பி நிற்க முடியாது.

“என்னமோ ஒண்ணு குறையுதுண்ணா” என்றான் பென்சன். “ஆறு வருசமா தினமும் ஒழுங்கா வந்துச்சுன்னா சும்மா வந்திருக்காது. காலையில இந்தப் பெட்டிய யாரு தொடுவாங்க?”

“நான் வந்து கம்ப்யூட்டரப் போடுவேன். அவ்வளவுதான்.”

“உங்களுக்கு முன்னாடி?”

நான் மேஜைமேல் மடித்துக் கிடந்த துடைக்கும் துணியைப் பார்த்தேன்.

சர்ச்சில் ஞாயிறு பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பைக்கை பாகலூர் வழியாகப் பேரிகைக்கு விட்டேன். வழியெல்லாம் ரோஜாப் பண்ணைகளின் வெள்ளைப் பாலித்தீன் கூரை, தூறல், குளிர். ஒரே ஒரு தீர்மானத்தோடு போனேன்: முதலில் மன்னிப்பு. பெட்டியைப் பற்றி முதலில் கேட்டால் அந்த மன்னிப்பு வெறும் காரியவாதம் ஆகிவிடும்.

மாதேஸ்வரி வீட்டு வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லிக் கட்டுகளைச் சந்தைக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சேலையைச் சரி செய்தார். “வாங்க சார். உள்ள வாங்க, நனையறீங்க.”

“இருக்கட்டும்மா.” அப்படியே நின்றேன். வரும் வழியில் கோத்துவைத்த வார்த்தை எதுவும் வரவில்லை. “சந்தனத்தால ஒண்ணும் ஆவல. பெட்டியே அப்பிடித்தான். உங்க மேல தப்பு இல்ல. தெரியாம நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மொதலாளிகிட்டயும் நான்தான் சொன்னேன். மன்னிச்சுருங்க.”

அவர் கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டைக் கீழே வைத்தார். “அன்னிக்குப் பஸ்ல வர்றப்ப அழுதுட்டேன் சார். இப்ப ஒண்ணும் இல்ல, உடுங்க” என்றார். அதைச் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றுமே இல்லை என்று மழுப்பியிருந்தால் நான் இன்னும் குறுகிப்போயிருப்பேன்.

உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார். பெட்டியைப் பற்றி எப்படிக் கேட்பது என்று நான் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார். “பொட்டி ஓடுதுங்களா சார்?”

“இல்லம்மா.”

“பச்ச லைட்டு வந்துச்சா?”

“எந்தப் பச்ச லைட்டு?”

“பின்னாடி, செவுத்துப் பக்கம் இருக்குதே சார்.”

அந்தப் பெட்டியை ஆறு வருஷம் ஆண்டவன் நான். அதற்கு முதுகில் கடுகளவில் ஒரு விளக்கு இருப்பது எனக்குத் தெரியாது. சுவர் பார்த்து இருக்கும் பக்கத்தை நான் எதற்குப் பார்க்கப் போகிறேன்? துடைக்கிறவருக்குத்தான் பின்பக்கம் தெரியும்.

அவர் சொன்னது இது. தினமும் காலை ஆறரைக்கு, மேஜையில் எண்ணெய் துடைப்பதற்காகப் பெட்டியின் இரண்டு வயரையும் கழற்றுவார். துடைத்த பிறகு கரன்ட் வயரை மட்டும் சொருகிவிட்டுச் சிவப்பு விளக்கு எரியும்போதே கேஜையும் அது உட்காரும் கருங்கல்லையும் துடைக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது விளக்கு பச்சையாகியிருக்கும். அப்புறம்தான் கம்ப்யூட்டர் வயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சொருகினாராம். அன்று சிவப்பு மாறவே இல்லை. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது இவர் சத்தமில்லாமல் இரண்டையும் பிடுங்கி, பச்சை வரும் வரை நின்று, சொருகியிருக்கிறார். பெட்டி வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒருநாள்கூடத் தவறவில்லை. வெள்ளிக்கிழமை அவர் வருவதற்கு முன்பே நான் மெயின் சுவிட்சைப் போட்டதில் இரண்டு வயருக்கும் ஒன்றாகக் கரன்ட் போயிருக்கிறது.

“ஒரு வயர மட்டும் புடுங்குனா ஆவாது சார். இன்னொண்ணுல கொஞ்சம் கரன்ட்டு இருக்குமாட்டம் இருக்குது, லைட்டு மங்கலா எரியும். ரெண்டையும் எடுக்கணும்.”

“எத்தன செகண்டு ஆவும்?”

“அதெல்லாம் எண்ணக் கூடாது சார். வெயில் நாள்ல சீக்கிரம் வந்துரும். மார்கழி, தையில கேஜு தொடச்சு, கல்லு தொடச்சு, ஜன்னலும் தொடச்சுட்டு வந்தாத்தான் பச்ச. நம்மூரு குளுரு அப்பிடி.”

ஐந்து நொடி எழுதிய அந்த வெளிநாட்டுக்காரர் கதகதப்பான அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார் போலும். நேற்றைய தூறல் குளிரில் எங்களுக்கு ஐந்து போதாமல் போனது அதனால்தான்.

“ஏம்மா, இத வெள்ளிக்கெழமையே சொல்லியிருக்கலாமே.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குத்திக்காட்டும் பார்வை இல்லை. “நீங்க சந்தனத்தத்தான் சார் கேட்டீங்க. சந்தனம் வெச்சது நான்தான்.”

 அங்கிருந்தே வெங்கடப்பனுக்குப் போன் போட்டேன். மாதேஸ்வரி காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். “தப்பு என்னுது சார். நாளைக்கு மாதேஸ்வரி வேலைக்கு வந்தாத்தான் பெட்டி ஓடும். அவங்க வரலன்னா நானும் வரல.”

 “ஏமய்யா மைக்கேலு, ஆடிட்ட வெச்சுக்கிட்டு என்ன மெரட்டறயா? அந்தம்மாவ வரச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லு.”

திங்கட்கிழமை ஆறரைக்கு நான் வாட்ச்சோடு நின்றேன், அவர் துணியோடு வந்தார். இரண்டு வயரையும் எடுத்தார், துடைத்தார், ஒன்றைச் சொருகினார், கேஜைத் துடைத்தார், கல்லைத் துடைத்தார். பதினான்கு நொடி. பச்சை. அப்புறம் இன்னொரு வயர். கம்ப்யூட்டரை எழுப்பினேன், பெட்டி வந்துவிட்டது. ஆடிட்டர் பத்து மணிக்கு வந்து முப்பது பின்னை எடுத்து அளக்கச் சொன்னார். முப்பதும் விழுந்தது. பெட்டியை ஓட்டும் முறைக்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். காலையில் நான் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு டிக் அடித்துக்கொண்டார். ஆர்டர் நின்றது.

விஷயத்தை பென்சனிடம் சொன்னதும் அவன் துள்ளினான். அந்த வரியை எழுதியவருக்கு மெயில் எழுதினான்: குளிர்ப்பிரதேசத்தில் ஐந்து நொடி போதவில்லை, பதினான்கு வரை ஆகிறது, ஒரு வயரில் கரன்ட் மிச்சம் இருந்தாலும் பெட்டி முழுதாக அணைவதில்லை. அதன் கீழே நானும் என் அரைகுறை ஆங்கிலத்தில் இரண்டு வரி சேர்த்தேன். நீங்கள் எழுதிய ஒரு வரி ஒருவரின் வேலையைக் காப்பாற்றியது, உங்களுக்கு என் வணக்கம் என்று. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வரிக்காக யாரும் நன்றி சொன்னதில்லை என்று எழுதியிருந்தார். நேரத்தை இருபது நொடியாகக் கூட்டுவதாகவும், கோளாறைக் கண்டு சொன்னவரின் பெயரைக் கூடவே பதிவது அவர்கள் வழக்கம், அந்தப் பெயர் என்ன என்றும் கேட்டிருந்தார்.

லினக்ஸில் அந்த மாற்றம் வந்த அன்று பென்சன் லேப்டாப்பை இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கே எடுத்து வந்தான். மாதேஸ்வரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். நான் விரலை வைத்துப் படித்தேன்: “கண்டு சொன்னவர், மாதேஸ்வரி, ஓசூர்.”

“ஊரு பேரிகைங்க சார்” என்றார்.

பென்சன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது எத்தன நாளைக்கு இருக்கும்?”

“இருந்துக்கிட்டே இருக்கும்க்கா. இந்த வரிய உலகத்துல யாரு எடுத்துப் பாத்தாலும் உங்க பேரு வரும்.”

“ஏப்ரல்ல கான்ட்ராக்ட் மாறறப்ப எடுத்துருவாங்களா சார்?” என்று என்னிடம் கேட்டார்.

“எடுக்க மாட்டாங்கம்மா” என்றேன். 

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் நேராக வெங்கடப்பன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். முகம் தெரியாத மனுஷர் ஒருவர் மாதேஸ்வரியின் பெயரைக் கேட்டு வாங்கி எழுதிக்கொண்டார், ஆறு வருஷம் வேலை வாங்கிய நாம் இன்னும் எழுதவில்லை என்றேன். அவர் மூன்று பாஷையிலும் முணுமுணுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் வெளியே வரும்போது எங்கள் சொந்த மஸ்டர் பதிவேட்டில், நாற்பது பெயருக்குக் கீழே நாற்பத்தோராவதாக மாதேஸ்வரி பெயர் இருந்தது. ஊர் என்ற கட்டத்தில் பேரிகை என்று என் கையாலேயே எழுதினேன்.